என்.ஐ.சி.யூ. நர்ஸுக்கு எந்த வழி: அரசு, ஊர்த் தனியார், பெருநகரம், வளைகுடா, 13 வார ஒப்பந்தம்?

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பெண்கள் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதல் பெண்ணுக்கு வலங்கைமான் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு மாதம் ஆகிறது. "அக்கா, கும்பகோணத்துலயே என்.ஐ.சி.யூ.ல வேலை கிடைச்சிருக்கு. சென்னையில மாசம் ஏழாயிரம் கூடத் தர்றேங்குறாங்க. எதுக்குப் போறது?" இரண்டாவது பெண் மயிலாடுதுறை. மூன்று வருட அனுபவம். ஒரு கையில் சவுதி நேர்காணல் அழைப்பு, இன்னொரு கையில் எம்.ஆர்.பி. என்ற அரசு நர்ஸ் வேலைத் தேர்வுக்கான புத்தகம். மூன்றாவது பெண் வேதாரண்யம். கல்யாணமாகி இரண்டு வயதில் பிள்ளை இருக்கிறது. குறுகிய ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் வேலை செய்யும் அமெரிக்க டிராவல் நர்ஸ்களின் வீடியோக்களை யூடியூபில் பார்த்துவிட்டு, "13 வாரம் வேலை, அப்புறம் ஊருக்கு வந்து புள்ளையோட இருக்கலாமாமே, நெசமா?" என்று கேட்டார்.

மூவருக்கும் போனில் பதில் சொன்னேன். போனில் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். என்.ஐ.சி.யூ. என்ற பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்கு 14 வருடம் ஓடியிருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொடங்கி, திருச்சி போய், வளைகுடாவில் நான்கு வருடம் இருந்துவிட்டு, இப்போது தஞ்சாவூரில் ஒரு பிரிவுக்கு இன்-சார்ஜாக இருக்கிறேன். அரசு வேலையில் நான் இருந்ததில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை வைத்துத்தான் அந்தப் பகுதியை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது சம்பளம். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: நைட் ஷிஃப்டில் ஒரு நர்ஸ் கையில் எத்தனை குழந்தை?

ஏன் என்று சொல்கிறேன். அது எனக்கு முதல் வருடம். நைட் டூட்டி. எட்டு வார்மர் (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் படுக்கை), ஏழில் குழந்தை. நானும் ஒரு ஆயாம்மாவும்தான். மூன்றாவது வார்மரில் 1.3 கிலோ ஆண் குழந்தை. வலது புறங்கையில் வென்ஃப்ளான் என்ற டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய், அதில் கால்சியம் கலந்த டிரிப். கை அசையாமலிருக்கச் சின்ன அட்டை வைத்துத் துணி சுற்றியிருந்தோம். மணிக்கு ஒரு முறை அந்தத் துணியை விலக்கி ஊசி போட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் ஆறாவது வார்மரில் இருந்த குழந்தை அன்று இரவு மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளங்காலைத் தட்டுவேன், முதுகைத் தேய்ப்பேன், மூச்சு வரும். இரண்டு தடவை கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் பிடிக்க வேண்டி வந்தது. அதற்கிடையில் மற்றவர்களுக்கு ஃபீட். மூன்று மணி நேரம் கழித்துத் துணியை விலக்கினால், புறங்கை முழுதும் வெளுத்துக் கல் மாதிரி வீங்கியிருந்தது. டிரிப் நரம்பை விட்டு வெளியே கசிந்திருந்தது. அந்த இடத்துத் தோல் கருத்து உரிந்து ஆறுவதற்கு வாரக்கணக்கானது. அந்தப் பையனுக்கு இப்போது பதிமூன்று வயது நடக்கும். தழும்பு இருக்கும்.

எனக்கு வேலை தெரியாமல் நடந்ததில்லை அது. இரண்டு கையோடு ஏழு குழந்தை முன்னால் நின்றதால் நடந்தது. தப்பு என்னுடையது என்று அன்றும் எழுதிக் கொடுத்தேன், இன்றும் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையை அங்கே யாரும் எழுதிக் கேட்கவில்லை.

ஆக்சிஜனும் அப்படித்தான். குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 85 சதவீதத்துக்கு இறங்கினால் அலாரம் அடிக்கும், ஓடிப்போய் ஆக்சிஜனைக் கூட்டுவோம். ஏறியதும் அலாரம் அடங்கும். அப்போது திரும்பக் குறைக்க மறந்தால் குழந்தை 99, 100 என்று மணிக்கணக்கில் கிடக்கும். பார்க்க நன்றாக இருக்கும், கண்ணின் விழித்திரை உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரை வைத்திருப்பதுதான் முறை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முதல் மாதம் முடிவதற்குள் கண் பரிசோதனை செய்யச் சொல்வதும் இதனால்தான். அந்தக் குமிழைத் திரும்பக் குறைக்க ஒரு நர்ஸ் அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

எஸ்.என்.சி.யூ. என்ற அரசு மருத்துவமனைப் பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவுக்கான அரசின் வழிகாட்டுதலே ஒரு ஷிஃப்டுக்கு மூன்று, நான்கு குழந்தைக்கு ஒரு நர்ஸ் என்கிறது. பிரிட்டனில் தீவிர சிகிச்சையிலிருக்கும் குழந்தைக்கு ஒன்றுக்கு ஒன்று, அடுத்த படிக்கு ஒருவருக்கு இரண்டு, தேறி வரும் குழந்தைகளுக்கு ஒருவருக்கு நான்கு என்பது தரம். நேர்காணலில் "ரேஷியோ எவ்வளவு" என்று கேட்டால் அழகான பதில்தான் வரும். "நேத்து நைட் எத்தனை குழந்தை, எத்தனை ஸ்டாஃப்?" என்று கேளுங்கள்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கை என்ன கற்கும்: வென்டிலேட்டர், சிபாப் (மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி), தொப்புள் நாள லைன் எல்லாம் உண்டா, அல்லது மஞ்சள் காமாலை விளக்கும் ஃபீடும் மட்டுமா. மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும். நாளை வேறிடம் போனால் அங்கே கொடுக்கும் அனுபவச் சான்றிதழ் செல்லுமா. நைட் முடிந்து வீட்டுக்கு எப்படி வருவீர்கள், வீட்டில் உங்களை எதிர்பார்த்து யார் இருக்கிறார்கள்.

## அரசு மருத்துவமனை

உள்ளே போக இரண்டு வாசல். ஒன்று 2012இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நாம் சொல்லும் எம்.ஆர்.பி. இன்னொன்று மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக 11 மாத ஒப்பந்தம். இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. எஸ்.என்.சி.யூ.வுக்கென்றே ஆள் எடுக்கும் அறிவிப்புகள் அதில்தான் வரும். மாவட்ட இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எம்.ஆர்.பி.யில் தேர்வானதும் நிரந்தரச் சம்பளம் கிடைக்காது. தொகுப்பூதியத்தில்தான் தொடங்குவீர்கள். 2015இல் அது 7,700 ரூபாய். பிறகு 14,000 ஆனது, அதன் பிறகு 18,000. காலமுறை ஊதியத்துக்கு எப்போது வருவோம் என்பது காலியிடத்தைப் பொறுத்தது. இரண்டு வருடம் என்று நினைத்துப் போய் அதைவிட நெடுநாள் காத்திருந்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததையும் நீதிமன்றம் போனதையும் எல்லோரும் அறிவோம். நிரந்தரமான பிறகு கதை வேறு. வேறு எந்த இடமும் பக்கத்தில் வர முடியாது. மகப்பேறு விடுப்பு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அரசில் 12 மாதம், தனியாரில் சட்டப்படி 26 வாரம்.

கற்பதைப் பொறுத்தவரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஈடு கிடையாது. தமிழ்நாட்டில் பிரசவம் ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனையில்தான் நடக்கிறது. சுற்று வட்டாரத்தில் எங்கே சிக்கலான பிள்ளை பிறந்தாலும் கடைசியில் தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோதான் வரும். அங்கேயே பிறந்தவர்களுக்கு 'இன்பார்ன்', வெளியிலிருந்து வருபவர்களுக்கு 'அவுட்பார்ன்' என்று தனித்தனி அறை. அவுட்பார்னில் ஆறு மாதம் நின்ற நர்ஸுக்கு எந்த ஊரிலும் கை நடுங்காது. குளிர்ந்து போய், சர்க்கரை இறங்கி, வலிப்போடு வந்து சேரும் குழந்தையை வாரத்துக்கு எத்தனையோ தடவை பார்த்திருப்பாள்.

ஆனால் நான் முதலில் கேட்கச் சொன்ன எண்ணிக்கை இங்கேதான் உதைக்கும். அரசு மருத்துவமனை யாரையும் வாசலில் திருப்பி அனுப்ப முடியாது. ஒரே வார்மரில் இரண்டு குழந்தையைக் கிடத்தும் இரவுகள் வரும். இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: நீங்கள் என்.ஐ.சி.யூ. நர்ஸ் என்று அங்கே எழுதி வைத்திருக்காது. பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பி, கை பழகி வரும் நேரத்தில் பிரசவ வார்டுக்கோ ஆபரேஷன் தியேட்டருக்கோ மாற்றிவிடலாம். முதல் போஸ்டிங் கிருஷ்ணகிரியிலோ நீலகிரியிலோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையமாகவும் இருக்கலாம். இதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொண்டு போனால் வருத்தமில்லை.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஊரை விட்டு நெடுந்தூரம் போக முடியாது, முதல் சில வருடம் குறைந்த பணத்தில் சமாளிக்க வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

## ஊரிலேயே தனியார்: கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை

ஊர்த் தனியார் என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட முடியாது. முழுநேரப் பச்சிளங்குழந்தை மருத்துவர் இருந்து, 28 வாரக் குழந்தையை வென்டிலேட்டரில் வைத்து வீட்டுக்கு அனுப்பும் இடங்களும் இங்கே இருக்கின்றன. நான்கு வார்மரும் இரண்டு நீல விளக்கும் வைத்து, வாசலில் என்.ஐ.சி.யூ. என்று பலகை மாட்டி, கொஞ்சம் மூச்சு வாங்கினாலே திருச்சிக்கு அனுப்பிவிடும் இடங்களும் இருக்கின்றன. போன மாதம் எத்தனை குழந்தை சிபாப்பில், எத்தனை வென்டிலேட்டரில் இருந்தது என்று கேட்டால் எது எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

சிறிய இடத்தில் ஒன்றுமே கற்க முடியாது என்று சொல்லமாட்டேன். நான் ஃபீட் கொடுக்கக் கற்றது கும்பகோணத்தில்தான். ஒரு மூத்த சிஸ்டர் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். பாலாடையின் மூக்கைக் குழந்தையின் வாய் ஓரத்தில் வை, நடுவில் வைக்காதே. ஊற்றாதே, சாய்த்து மட்டும் வை, அது நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளட்டும். நெற்றியைப் பார், புருவம் சுருங்கினால் நிறுத்து, முழுங்கிவிட்டு மூச்சு விடட்டும். 20 மில்லி கொடுக்க அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பிறகு நான் போன இடங்களில் விலையுயர்ந்த கருவிகள் இருந்தன. புருவத்தைப் பார்க்கச் சொல்லித்தர ஆள் இல்லை.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். வரிசையாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றும் என் கண் முன்னால் நடந்தது. சேரும்போது அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உரிமையில்லாமல் செய்கிற காரியம் இது. நகலும் சரிபார்க்க அசலைக் காட்டுவதும் போதும். நான் வேலையை விட்ட ஒரு இடத்தில் என் சான்றிதழைத் திரும்ப வாங்க என் அப்பா நாலு தடவை அலைந்தார். மூன்று மாதம் நோட்டீஸ் என்று எழுதி வாங்கிக்கொண்டு, விட்டால் சம்பளத்தைப் பிடிப்பார்கள். ஆள் வராத நாளில் டபுள் டூட்டி, அதற்குத் தனிக் காசு கிடையாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு வருடங்கள் கழித்துத்தான் தெரியும். வெளிநாடு போக விண்ணப்பித்தால் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. அவர்கள் நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள். அங்கே மெயிலைப் பார்க்க ஆளில்லை, பதிவேடு இல்லை, அல்லது மருத்துவமனையே மூடிவிட்டது என்றால் உங்கள் மூன்று வருடம் காற்றில் போச்சு. சேரும் முன்பே கேளுங்கள்: நியமனக் கடிதம் உண்டா, சம்பளம் வங்கியில் வருமா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, அனுபவச் சான்றிதழில் 'என்.ஐ.சி.யூ.' என்று பிரிவின் பெயரோடு எழுதித் தருவார்களா. வெறுமனே 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று எழுதினால் நாளைக்குப் பாதி மதிப்புதான்.

குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸ் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்டாவின் டிராவல் நர்ஸிங் என்றால் எனக்கு அதுதான். கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய 95 கிலோமீட்டர். பிறந்தவுடன் அழாத குழந்தைக்குக் குளிர்விப்புச் சிகிச்சை கொடுக்க வேண்டுமானால் ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், உடல் வெப்பத்தை 33, 34 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருப்பார்கள். குறைமாதக் குழந்தைக்கோ தலைகீழ், 36.5க்குக் கீழே விடவே கூடாது. அந்த வண்டியில் டாக்டர் இல்லாமல் நீங்கள் தனியாகப் போக நேரிடலாம். 108இல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே வண்டி உண்டு. தனியார் மருத்துவமனைகள் தங்கள் வண்டியிலும் அனுப்பும். சிலிண்டரில் எத்தனை நிமிட ஆக்சிஜன் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டு ஏறுங்கள். இன்குபேட்டர் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். போகும் வழியில் ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு, உங்களுக்குக் காப்பீடு உண்டா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## திருச்சி, சென்னைப் பெரிய மருத்துவமனை

வலங்கைமான் பெண்ணின் ஏழாயிரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சென்னையில் ஹாஸ்டலும் சாப்பாடும் சேர்ந்தாலே அந்த ஏழாயிரம் கரைந்துவிடும். மாதம் ஒரு தடவை சோழனிலோ உழவனிலோ ஊர் வந்து போகும் செலவு தனி. ஆக, பணத்துக்காகச் சென்னை போவது வீண். வேலை கற்கப் போவது வீணல்ல.

பெரிய பிரிவில் இரண்டு வருடம் நின்றால் சர்ஃபாக்டன்ட் (குறைமாத நுரையீரலை விரிய வைக்கும் மருந்து) கொடுப்பது, நரம்பு வழி முழு ஊட்டம், அறுவைச் சிகிச்சை முடிந்த பச்சிளங்குழந்தை, 700 கிராம் குழந்தையின் முதல் 72 மணி நேரம் எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் பழகும். எழுதிய நெறிமுறை இருக்கும். கை கழுவுவதையே ஒருவர் நின்று கணக்கெடுப்பார். தேசியப் பச்சிளங்குழந்தை மருத்துவ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பிரிவா என்று கேளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒரு வருட பச்சிளங்குழந்தை நர்சிங் பட்டயப் படிப்புக்கு வழி உண்டா என்றும் கேளுங்கள். வெறும் அனுபவத்தோடு நிற்பவருக்கும் அந்தத் தாள் கையில் இருப்பவருக்கும் பின்னால் வித்தியாசம் தெரியும்.

குறை என்றால், அங்கே நீங்கள் ஒரு எண். இன்று என்.ஐ.சி.யூ., நாளை ஆள் குறைந்தால் குழந்தைகள் வார்டு. ஒப்பந்தக் காலம் முடியும் முன் விட்டால் பணம் கட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. ஊர் ஞாபகம் வேறு. முதல் மூன்று மாதம் நான் திருச்சியிலேயே அழுதிருக்கிறேன், சென்னை இன்னும் தூரம். இருந்தாலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், வீட்டுப் பொறுப்பு தோளில் ஏறும் முன் போய்ச் செய்ய வேண்டிய வேலை இது. திருச்சியில் நல்ல பிரிவு கிடைத்தால் சென்னை அவசியமில்லை. நைட் முடிந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

## வளைகுடா ஒப்பந்தம்

கையில் நிற்கும் பணத்தில் இதை மிஞ்ச முன்னே சொன்ன எதனாலும் முடியாது. தங்குமிடம், பயணம், வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு டிக்கெட் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். வேலையை முடித்து வரும்போது பணிக்கொடையும் உண்டு: எமிரேட்ஸில் முதல் ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், சவுதியில் அரை மாதச் சம்பளம். என் வீட்டுக் கூரை ஓட்டிலிருந்து கான்கிரீட் ஆனது அந்தப் பணத்தில்தான்.

எண்ணிக்கையும் அங்கே எனக்கு நியாயமாக இருந்தது. வென்டிலேட்டர் குழந்தை ஒன்றோ இரண்டோதான் என் கையில். அதில் ஒரு வினோதம்: வென்டிலேட்டரைத் தொடத் தனி ஆள், மருந்து கலக்கிக் கொடுக்க ஃபார்மஸி. நம் ஊரில் எல்லாவற்றையும் நாமே செய்து பழகியவர்களுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். நான்கு வருடத்தில் வென்டிலேட்டர் கை கொஞ்சம் மரத்துப்போனது உண்மை. ஆனால் இரண்டு நர்ஸ் சேர்ந்து மருந்தைச் சரிபார்க்காமல் ஊசி போடக்கூடாது என்ற பழக்கம் அங்கே வந்தது, இன்றுவரை போகவில்லை.

போக வேண்டுமானால் பொதுவாக இரண்டு வருட அனுபவம், டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, அந்தந்த நாட்டின் கணினித் தேர்வு. பல முதலாளிகள் நீங்கள் வேலை செய்த மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கையையும் கேட்பார்கள். வேலையில் நீண்ட இடைவெளி விழுந்தால் உரிமம் வாங்குவது சிக்கல். குழந்தைக்காக வீட்டில் இருக்க நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் பெரும்பாலும் பெண்களைத்தான் கேட்கிறார்கள் என்பதையும் தம்பிகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஏஜென்ட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். இந்திய விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அந்தப் படியை விட்டு இறங்கி வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, நர்ஸ்களை எடுத்து அனுப்புகிறது. முதலில் அங்கே பதிவு செய்யுங்கள்.

யாரும் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. என் அப்பாயி இறந்தபோது எனக்கு விடுப்பு கிடைத்தது ஐந்தாம் நாள். காரியத்துக்குத்தான் வந்தேன், முகம் பார்க்கவில்லை.

## பிரிட்டன்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நான் போனதில்லை. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். 7, எழுத்தில் மட்டும் 6.5, அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் பி, எழுத்தில் மட்டும் சி பிளஸ். பிறகு இங்கிருந்தே எழுதும் கணினித் தேர்வு, அங்கே போய் ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வு. நர்ஸ் எண்ணிக்கையில் அவர்கள் வைத்திருக்கும் தரத்தை மேலே சொன்னேன். உண்மையான செலவு ஆங்கிலத்துக்குப் போகும் வருடம். நைட் டூட்டி பார்த்துக்கொண்டே படித்து, மூன்று தடவை எழுதி, எழுத்தில் அரை மதிப்பெண்ணில் நின்றவர்களை எனக்குத் தெரியும். நிரந்தரமாகக் குடும்பத்தோடு குடியேற நினைப்பவர்களுக்கு வளைகுடாவை விட இது பொருந்தும். ஐந்து வருடத்தில் கடனை அடைத்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர்களுக்குப் பொருந்தாது.

## அமெரிக்க டிராவல் நர்ஸ், 13 வாரம்

வேதாரண்யத்துப் பெண் பார்த்த வீடியோ பொய் இல்லை. அங்கே ஏஜென்சி வழியாக, வழக்கமாக 13 வார ஒப்பந்தத்தில், ஆள் குறைந்த மருத்துவமனைக்குப் போய் வேலை செய்கிறார்கள். வார ஊதியம் நிரந்தர ஊழியரை விட அதிகமாகவே இருக்கலாம். தங்கவும் சாப்பிடவும் தனிப் படி. சொந்த ஊரில் நிலையான வீடும் செலவும் இருப்பதாகக் காட்டினால் அந்தப் படிக்கு வரி இல்லை. ஆனால் ஓரிரு ஷிஃப்ட் அறிமுகம் மட்டும் கொடுத்துவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுப்பார்கள், ஆள் தேவைப்படாத நாளில் ஷிஃப்டை ரத்து செய்வார்கள். ஒப்பந்தம் பாதியில் நின்றால் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு. எங்கே போனாலும் முதல் நாளே வென்டிலேட்டர் குழந்தையை எடுக்கும் கை உள்ளவர்களுக்குத்தான் அது.

வீடியோவில் சொல்லாதது, அவர்கள் எல்லோரும் அங்கே வேலை செய்ய உரிமை உள்ளவர்கள் என்பது. நமக்கு என்கிளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு எழுதி, சான்று சரிபார்த்து, ஒரு முதலாளி மனுப் போட்டு, பச்சை அட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டும். இந்தியர்களுக்கு அந்த வரிசை பத்து வருடத்துக்கு மேல் நீள்கிறது. போய்ச் சேர்ந்தாலும் அழைத்த முதலாளியிடம் ஒப்பந்தக் காலத்தை முடித்த பிறகுதான் டிராவல் ஏஜென்சி பக்கம் போகலாம். '13 வாரம் அங்கே, 13 வாரம் வேதாரண்யத்தில்' என்பது இங்கிருந்து புறப்படும் ஒருவருக்கு இன்று கிடையாது. அதற்காக என்கிளெக்ஸ் எழுத வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கனடாவும் ஆஸ்திரேலியாவும் அதே தேர்வைத்தான் ஏற்கின்றன.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | கையில் குழந்தை | கற்பது | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| அரசு | அதிகம் | எண்ணிக்கையால் மிக அதிகம் | தொகுப்பூதியக் காலம், தூரத்துப் போஸ்டிங், வார்டு மாற்றம் | ஊரில் நிலைக்க நினைப்பவர் |
| ஊர்த் தனியார் | இடத்துக்கு இடம் மாறும் | நல்ல மருத்துவர் இருந்தால் நிறைய | சான்றிதழ் பிடிப்பு, டபுள் டூட்டி, சரிபார்ப்பில் சிக்கல் | கைக்குழந்தை, வயதான பெற்றோர் உள்ளவர் |
| திருச்சி, சென்னை | ஓரளவு நியாயம் | முறையான பயிற்சி | ஹாஸ்டல், ஒப்பந்த அபராதம் | முதல் இரண்டு மூன்று வருடம் |
| வளைகுடா | குறைவு | ஒழுங்கு; சில கைவேலை மறக்கும் | வீட்டு நல்லது கெட்டதுக்கு வர முடியாமை | கடன், வீடு, தங்கை கல்யாணம் |
| பிரிட்டன் | குறைவு | நிறைய | ஆங்கிலத் தேர்வுக்குப் போகும் காலம் | குடியேற நினைப்பவர் |
| அமெரிக்க 13 வாரம் | குறைவு | தெரிந்ததை வைத்துத்தான் பிழைப்பு | பத்து வருடக் காத்திருப்பு | ஏற்கெனவே அங்கே உரிமை உள்ளவர் |

## மூவருக்கும் நான் சொன்னது

மயிலாடுதுறைப் பெண்ணிடம் சவுதி நேர்காணலுக்குப் போகச் சொன்னேன். அப்பா வாங்கிய கடன் வட்டியோடு நிற்கிறது. தொகுப்பூதியத்தில் அதை அடைக்க முடியாது. எம்.ஆர்.பி. அறிவிப்பு மறுபடி வரும். வயது வரம்பை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். எழுதி, தேர்வாகி, நிரந்தரமாகும் நிலையில் அவள் இருந்திருந்தால் போகவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வேதாரண்யத்துப் பெண்ணுக்குச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வரை நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ மாவட்ட நலவாழ்வுச் சங்க வேலை வருகிறதா பாருங்கள், எதுவானாலும் இரண்டு வருடம் முழுதாக வேலையை விட்டுவிடாதீர்கள் என்றேன். மாதம் பத்து நாள் நைட் மட்டும் கொடுக்கும் இடம் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் மாமியார், "நைட்டுன்னா நான் பார்த்துக்கிறேன், போகட்டும்" என்று போனை வாங்கிச் சொன்னார்.

வலங்கைமான் பெண் இன்னும் முடிவெடுக்கவில்லை. கும்பகோணத்து மருத்துவமனையை மறுபடி ஒரு தடவை போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், நேர்காணலுக்கு இல்லை. காலையில் நைட் முடிந்து டூட்டி ஒப்படைக்கும் நேரத்தில் போ. கதவுக்கு வெளியே நில். ஒவ்வொரு குழந்தைக்கும் பக்கத்தில் நின்று ஒப்படைக்கிறார்களா, மேசையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஒப்படைக்கிறார்களா என்று பார். வெளியே வரும் நர்ஸ்களை எண்ணு. உள்ளே எத்தனை வார்மரில் விளக்கு எரிகிறது என்று எண்ணு. அப்புறம் எனக்குப் போன் பண்ணு.